பி16 நெகட்டிவ் என்றால் நல்லதா? வாய், தொண்டைப் புற்றுநோயில் கெட்டுப்போகும் ஜீன்கள்

[திரையில்: பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசி வரி மட்டும்]

டான்சிலில் கட்டி. கடலூரிலிருந்து ஜிப்மருக்கு வந்து போகிற ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பி16: நெகட்டிவ்’ என்று இருக்கிறது. ‘அப்பாடா, நெகட்டிவ்தான்’ என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகிறது. ஆனால் டான்சில் கட்டியில் பாசிட்டிவ் என்று வந்திருந்தால்தான் டாக்டர் கொஞ்சம் தெம்பாகப் பேசியிருப்பார். ஏன் இப்படித் தலைகீழ்? இரண்டு ஜீன்களைத் தெரிந்துகொண்டால் புரிந்துவிடும்.

[படம்: குரோமோசோம் 17]

முதலாவது டிபி53. இது தயாரிக்கும் புரதம் பி53. கடலூர் முதுநகர் துறைமுகத்தில், வலை கிழிந்திருந்தால் படகை எடுக்க விடாத பெரியவர் ஒருவர் இருப்பாரே, அந்த வேலைதான் பி53க்கு. டிஎன்ஏ பழுதாகியிருந்தால் செல் பிரிவதை நிறுத்தி, பழுது பார்க்க வைக்கும். பார்க்கவே முடியாத பழுது என்றால் அந்தச் செல்லையே சாகடித்துவிடும்.

இரண்டாவது, 9ஆவது குரோமோசோமில் உள்ள சிடிகேஎன்2ஏ. பி16 புரதம் இதிலிருந்துதான் வருகிறது. செல்லைப் பிரியச் சொல்லும் என்சைம்களை இது பிடித்து வைக்கும். அவை அடங்கியிருக்கும்வரை ஆர்பி என்ற புரதம் செல் பிரிவைத் தடுத்துக்கொண்டே இருக்கும்.

[காட்சி: பெட்டிக்கடை. வெற்றிலை, சுண்ணாம்பு, சீவல்]

ஹான்ஸ் அடக்குகிறவரின் கன்னத்தின் உட்புறம், புகையிலையில் இருக்கும் நைட்ரோசமைன் என்ற ரசாயனத்தில் மணிக்கணக்கில் ஊறுகிறது. அது டிஎன்ஏ-யோடு ஒட்டிக்கொண்டு எழுத்துகளை மாற்றிவிடும். ‘நான் வெறும் பாக்குதான் போடுறேன்’ என்பவர்களுக்கு ஒரு தகவல்: புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. புதுச்சேரியில் சரக்கு மலிவு. மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி, அதுவும் டிஎன்ஏ-யைத் தாக்கும். புகையிலையும் மதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸும் புற்றுநோய் தரும், ஆனால் அது வேறு வழியில் வேலை செய்யும். அது ஜீனைக் கெடுப்பதில்லை. அதன் இ6 புரதம் பி53ஐச் சிதைத்துவிடும், இ7 புரதம் ஆர்பியை முடக்கிவிடும். ஆர்பி முடங்கியதும் செல் பி16ஐ அள்ளி அள்ளித் தயாரிக்கும். தயாரித்து என்ன பயன், கேட்க ஆர்பி இல்லையே! ஆனால் சோதனைக்கூடத்தில் சாயம் போட்டால் திசு முழுக்கப் பழுப்பாகத் தெரியும். அதுதான் ‘பாசிட்டிவ்’. டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் இந்த வைரஸ் கட்டிகளில் டிபி53 ஜீன் பெரும்பாலும் பழுதாகாமல் இருக்கும். கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் இவை நன்றாகக் கட்டுப்படும். டான்சிலில் ‘நெகட்டிவ்’ என்றால் பெரும்பாலும் இந்த வைரஸ் கட்டி இல்லை என்று அர்த்தம்; அதனால்தான் அந்தத் தலைகீழ்.

2015இல் வெளியான அமெரிக்க மரபணு ஆய்வில் மொத்தம் 279 கட்டிகள். எச்பிவி இருந்த 36இல் ஒன்றில் மட்டுமே டிபி53 மாறியிருந்தது. எச்பிவி இல்லாதவற்றில் 84 சதவீதம். கன்னம், ஈறு என்று நம் ஊரில் அதிகம் பார்க்கும் கட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அந்த இடங்களில் பி16 முடிவை டான்சிலுக்குப் படிப்பதுபோல் படிக்கக் கூடாது.

கெட்ட ஜீனுக்கு மாத்திரை இல்லையா என்று கேட்பீர்கள். அளவுக்கு மீறி வேலை செய்யும் புரதத்தை மருந்தால் அடக்கலாம். இல்லாமல் போனதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் பெரும் பாடு. நல்ல டிபி53ஐ வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்தும் ஊசிக்குச் சீனா 2003இல் அனுமதி தந்தது. மற்ற நாடுகளில் அது பரவவில்லை.

[படம்: கன்னத்தின் உட்புறம், வெள்ளைத் திட்டு]

9ஆவது குரோமோசோமில் சிடிகேஎன்2ஏ இருக்கும் பகுதியின் இழப்பு, கட்டியே இல்லாத வெள்ளைத் திட்டிலும் காணப்படுகிறது. திட்டைச் சுற்றிப் பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலும் இந்த மாற்றங்கள் பரவியிருக்கலாம். ஆபரேஷன் முடிந்த வாயிலேயே சில வருடம் கழித்து வேறொரு கட்டி வருவது இதனால்தான். ‘எல்லாம் எடுத்தாச்சு’ என்ற பிறகும் செக்கப்புக்கு வரச் சொல்வதும் அதற்காகத்தான். வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு மோசம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, வாயை முழுசாகத் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் பல் டாக்டரிடமே காட்டலாம்; தேவைப்பட்டால் பயாப்சிக்கு அவரே அனுப்புவார்.