கோபம் வந்துச்சுன்னு யாரும்...

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நாடே அழுதுட்டு இருக்கும்போது மைக் முன்னாடி வந்து நிக்கிற தலைவர் என்ன பேசுறார்ங்கிறதப் பத்தி பேசக் கூப்பிட்டாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது 1948 ஜனவரி 30 தான், ஏன்னா அன்னிக்கு நேரு பேசினதும் இதே மாதிரி ரேடியோவுலதான்.

சாயங்காலம் 5 மணி தாண்டி, டெல்லி பிர்லா மாளிகைல பிரார்த்தனைக்கு நடந்து போய்ட்டிருந்த காந்திய கோட்சே சுட்டுட்டான். பிரிவினைக் கலவரத்தோட ரத்தம்கூட காயாத நேரம். சுட்டது முஸ்லிம்னு வதந்தி பரவியிருந்தா அன்னிக்கு ராத்திரி எத்தனை வீடு எரிஞ்சிருக்கும்? அதனாலதான் சுட்டவன் இந்துன்னு ஆல் இந்தியா ரேடியோ செய்தியிலயே சொன்னாங்க.

ராத்திரி நேரு வந்தார், எழுதி வச்சுப் படிக்கல. நம்ம வாழ்க்கைலேர்ந்து வெளிச்சம் போயிடுச்சு, எங்க பாத்தாலும் இருட்டுன்னு ஆரம்பிச்சு, என்ன சொல்றது எப்படிச் சொல்றதுன்னே தெரியலன்னார், அப்புறம் அவரே, இல்ல நான் சொன்னது தப்பு, அது சாதாரண வெளிச்சம் இல்ல, ஆயிரம் வருஷம் கழிச்சும் இந்த நாட்டுல தெரியும்னார். எல்லாரும் மேற்கோள் காட்டுறது இந்த வரியத்தான். எனக்கு அதுக்கப்புறம் வர்ற வரிதான் பெருசு: கோபம் வந்துச்சுன்னு நம்மள்ல யாரும் தப்பா நடந்துக்கக் கூடாது. சுட்டவன பைத்தியக்காரன்னு சொல்லிட்டு அதோட விடாம, நாட்டுல இத்தனை நாளா பரவின விஷத்தையும் சேத்துச் சொன்னார். கேட்டுட்டு இருந்த ஜனங்களுக்கு அந்தக் கோபத்தக் கொட்ட ஒரு எதிரிய அவர் கை காட்டல.

2001 செப்டம்பர் 14ல, தீவிரவாதிங்க விமானத்த மோதித் தகர்த்த நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாட்டு மேல ஏறி நின்னு அமெரிக்க அதிபர் புஷ் பேசினத நெனச்சுப் பாருங்க. ஒரு தீயணைப்பு வீரர் தோள்ல கை, இன்னொரு கைல மெகாஃபோன், இந்தக் கட்டடங்கள இடிச்சவங்க சீக்கிரமே நம்ம எல்லார் குரலையும் கேப்பாங்கன்னார், கூட்டம் யுஎஸ்ஏ யுஎஸ்ஏன்னு கத்துச்சு. அந்தத் துக்கம் பொய் இல்ல, கத்தினவங்களையும் நான் குத்தம் சொல்லல. ஆனா அந்தக் கோபம் அக்டோபர்ல ஆப்கானிஸ்தானுக்குப் போச்சு, 2003ல ஈராக்குக்கும் போச்சு, அந்தத் தாக்குதல்ல ஈராக் கூட்டு சேந்ததுக்கு ஆதாரம் இல்லன்னு 2004ல அவங்க விசாரணைக் கமிஷனே சொன்னப்போ அங்க எத்தனையோ உயிர் போயிருந்துச்சு.

நேரு பேச்சு எல்லாத்தையும் தடுத்துச்சுன்னு சொல்ல மாட்டேன். மகாராஷ்டிரத்துல கோட்சேயோட சாதிக்காரங்கன்னு பிராமணர் வீடுகள எரிச்சாங்க, உயிரும் போச்சு. ஆனா அவங்களுக்கு மைக் முன்னாடி இருந்து ஒரு வார்த்தை தூபம் போடல, எனக்கு அது போதும்.

இன்னொண்ணு. காந்தி உடம்ப சில நாள் பதப்படுத்தி வச்சா லட்சக்கணக்கானவங்க பாக்கலாம்னு சிலர் கேட்டாங்களாம், அவரே அது வேண்டாம்னு சொல்லியிருக்கார்னு நேரு மறுத்துட்டார். மறுநாள் உபவாசம், பிரார்த்தனை, 4 மணிக்கு யமுனைக் கரைல தகனம். டெல்லிக்கு வர முடியாதவங்க அந்த நேரத்துல அவங்கவங்க ஊர் ஆத்துக்கோ கடலுக்கோ போய் நின்னு பிரார்த்தனை பண்ணுங்கன்னு கேட்டுக்கிட்டார்.