காளானும் கல்லீரலும்

அவையோருக்கு வணக்கம்.

ரத்தப் பரிசோதனை அறிக்கையில், ரத்தத்தில் உள்ள புரதமான அல்புமின் குறைவு என்று கண்டதும், புரதம் மிகுந்த உணவைத் தேடி ஓடுகிறோம். இறைச்சி உண்ணாதவர்களுக்கு யாராவது காளானைச் சொல்லிவிடுகிறார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பது அவர்கள் கணக்கு. அதில் பாதிதான் சரி.

நாம் உண்ணும் காளான் புரதம் காளான் புரதமாகவே ரத்தத்தில் சேர்வதில்லை. இரைப்பையும் சிறுகுடலும் அதை அறுத்து, மாலையிலிருந்து மணிகளை உதிர்ப்பதுபோல அமினோ அமிலங்களாக உதிர்த்துவிடுகின்றன. அவை கல்லீரலுக்குப் போகின்றன. அங்கே 585 மணிகள் கோத்த புது மாலையாக அல்புமின் உருவாகிறது. ஆரோக்கியமான கல்லீரல் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் அல்புமின் செய்கிறது. மணிகள் கூடுதலாக வந்துவிட்டன என்பதற்காக அது மாலையை அளவுக்கு மீறிக் கோத்துக்கொண்டே போவதில்லை. மிஞ்சியதை எரித்து, நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடுகிறது. அல்புமினின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி கழிய ஆகும் காலம், ஏறத்தாழ 20 நாள். ஆகவே நேற்றைய உணவை இன்றைய அறிக்கையில் தேடுவதில் பொருளில்லை.

சரி, மணிகளாவது காளானில் எவ்வளவு? 200 கிராம் மொட்டுக் காளானை நறுக்கிச் சூடான வாணலியில் போட்டுப் பாருங்கள். எண்ணெய் காய்ந்திருந்தாலும் முதலில் தண்ணீர்தான் விட்டுக்கொண்டு வரும். வாணலி நிறைய இருந்தது ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். பச்சைக் காளானில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர்; 200 கிராமில் புரதம் சுமார் 6 கிராம்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 48 கிராம் வேண்டும். காளானாலேயே ஈடுகட்ட ஒன்றரை கிலோ தின்ன வேண்டியிருக்கும்!

உலர்ந்த காளானின் புரத அளவையும் கவனித்துப் படியுங்கள். புரதத்தைக் கணக்கிட, உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குவது பொது வழக்கம். காளானின் செல்சுவரில் உள்ள கைட்டின் என்ற நார்ப்பொருளிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதமல்ல. அதனால் காளானுக்கு 4.38 ஆல் பெருக்குவதே பொருத்தம். 30 கிராம் என்று எழுதியிருந்தது 21 கிராமாக இறங்கிவிடும்.

காளானை நான் தாழ்த்திப் பேசவில்லை. உடலால் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் அதில் இருக்கின்றன. பருப்போடும் தானியத்தோடும் சேர்த்து நன்றாக வேகவைத்து உண்டால் அருமையான உணவு.

என் கவலை வேறு. அல்புமின் குறைவதற்குத் தட்டு மட்டும் காரணமல்ல. உடலில் அழற்சி இருந்தாலே அது இறங்கும். கல்லீரல் நலிந்தால் உற்பத்தி குறையும். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதானால் சிறுநீரில் ஒழுகிப் போகும். ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் அல்புமின்தான். அது குறைந்தால் நீர் கசிந்து காலில் தேங்கும். முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். பள்ளம் நிரம்பாமல் அப்படியே நின்றாலோ, சிறுநீர் நாள்தோறும் நுரைத்துப் போனாலோ, மருத்துவரிடம் போய்ச் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுது என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதை அவரே சொல்லட்டும். காளானில் பொட்டாசியமும் உண்டு. அதையும் அவரிடம் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.