வரைந்தவர், சரிபார்த்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீடு எந்த வருஷம் கட்டியது? யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? நம்ம குமரி மாவட்டத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று பதில் வரும். அப்பா கல்லு போட்ட வருஷத்தைச் சொல்வார். கொத்தனார் கூரைக்குக் கான்கிரீட் வார்ப்பு போட்ட வருஷத்தைச் சொல்வார். அம்மாவுக்குப் பால் காய்ச்சின வருஷம்தான் கணக்கு. மூன்றும் உண்மை. எங்கள் வீட்டில் கல்லு போட்டதற்கும் பால் காய்ச்சினதற்கும் நடுவில் ஆறு வருஷம் ஓடியது. தங்கச்சி கல்யாணம் வந்தது, கடன் வந்தது, அஸ்திவாரத்துக்கு மேல் செடி முளைத்துக் கிடந்தது. அந்த ஆறு வருஷத்தில் எதை எழுதினாலும் ஒருவர் "அது தப்பு" என்பார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கட்டடத்தின் வயதைச் சொல்வதே இவ்வளவு சிக்கல். அப்படி நூறு கட்டடம் வரைந்த ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது எப்படி இருக்கும்? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் தக்கலைக்காரன். பொதுப்பணித் துறையில் 31 வருஷம் வரைதொழில் அலுவலராக இருந்தேன். டிராப்ட்ஸ்மேன் என்றால் எல்லாருக்கும் புரியும். ஓய்வு பெற்ற பிறகு விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் புராஜெக்டுக்குத் திறந்து பார்ப்பார்களே, அதேதான். ஆங்கிலத்தில் 2001-லும் தமிழில் 2003-லும் தொடங்கியது. சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் "தொகு" என்ற இடத்தை அழுத்தித் திருத்தலாம். எனக்குப் பிடித்த வேலை, ஊர்க் கட்டடங்களைப் பற்றிய கட்டுரைகளில் ஆண்டையும் அளவையும் சரிபார்ப்பது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓணத்துக்கு மறுநாள், என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். ஆர்க்கிடெக்ட். நம்ம மாவட்டத்திலேயே ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். காப்பி குடித்து முடிக்கும் முன்னே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, எங்க நிறுவனத்தைப் பத்தி விக்கிப்பீடியாவுல ஒரு கட்டுரை கெடக்கு. அதுல ஒரு கோவிலு வருசம் தப்பு. 2001-ணு போட்டிருக்கு, 2003-ல்லா. நான் மாத்துனேன், யாரோ திருப்பிப் பழையபடி ஆக்கிட்டாங்க. நீங்க ஒண்ணு மாத்தித் தரணும்."

திறந்து பார்த்தேன். வருஷத்தை மட்டும் அவன் மாற்றவில்லை. "தென் தமிழகத்தின் முன்னணி நிறுவனம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தான். "பாரம்பரியமும் புதுமையும் கைகோக்கும்" என்று இன்னொன்று. பயனர் பெயராக நிறுவனத்தின் பெயரையே வைத்திருந்தான். மேற்கோள் என்ற இடத்தில் நிறுவனத்தின் சொந்த இணையதளம். மொத்தத்தையும் யாரோ நீக்கியிருந்தார்கள். அதோடு சேர்ந்து வருஷமும் போய்விட்டது.

அவனுக்கு மனசு வருத்தம். "எங்க கட்டடத்தைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா மாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவர்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

நான் உள்ளே போய் ஒரு பழைய வரைபடச் சுருளை எடுத்து வந்து அவன் முன்னால் விரித்தேன். கட்டட வரைபடம் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீடு கட்டுகிறவர்கள் வீட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதியிருக்கும்? வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். மூன்று பேர், மூன்று கையெழுத்து. 31 வருஷத்தில் நான் ஆயிரக்கணக்கான தடவை "வரைந்தவர்" இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட, நான் வரைந்த தாளில் "சரிபார்த்தவர்" இடத்தில் நானே போட்டதில்லை. எனக்குத் தெரியாது என்பதாலா? அந்தச் சுவரை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவன் நான்தான். ஆனாலும் போடக்கூடாது. தன் கையால் போட்ட கோட்டில் இருக்கிற தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது. வரைமேசையில் உட்கார்ந்த எல்லாருக்கும் இது தெரியும்.

"மக்கா, நீ வரைஞ்சவன். சரிபாக்கது வேற ஆளு" என்றேன்.

விக்கிப்பீடியாவில் இதற்கு நலமுரண் என்று பெயர். ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர் அந்த நிறுவனத்தின் கட்டுரையில் நேராகக் கை வைக்காமல் இருப்பதே முறை. பணம் வாங்கிக்கொண்டு எழுதினால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014-ல் பயன்பாட்டு விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள். அப்படியானால் தப்பைத் திருத்த வழி? ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு உரையாடல் பக்கம் உண்டு. அங்கே போய், "நான் இன்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன், இந்த வரியில் இந்தத் தப்பு, இதோ ஆதாரம்" என்று எழுதலாம். சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்துத் திருத்துவார். நாளாகலாம், ஆனால் அந்தத் திருத்தம் நிற்கும். நானும் மாமாதானே? ஆகவே நானும் அந்தக் கட்டுரையைத் தொடவில்லை. "இவன் என் மருமகன்" என்று அந்தப் பக்கத்தில் எழுதிவிட்டு, ஆதாரம் தேடும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வரைபடத்தின் அதே மூலையில் திருத்தப் பட்டியல் என்று இன்னொன்று இருக்கும். எந்தத் தேதியில் எந்தச் சன்னல் நகர்ந்தது, யார் சொல்லி நகர்ந்தது என்று வரிசையாக. விக்கிப்பீடியாவிலும் "வரலாறு" என்று ஒரு பகுதி இருக்கிறது. முதல் எழுத்து போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு மாற்றமும், மாற்றியவர் பெயரோடும் நேரத்தோடும். இரவோடு இரவாக மாற்றிவிட்டு மறைக்க முடியாது. அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு என் பழைய மேசைக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சரி, அந்தக் கோவிலுக்கு வருவோம். கடலோர ஊர்க் கோவில். நம்ம பக்கத்தில் கிறிஸ்தவ தேவாலயத்தையும் கோவில் என்றுதான் சொல்வோம், இது அப்படி ஒன்று. நானும் அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போனோம். வாசலில் கல்வெட்டு இருந்தது. நம்ம ஊர்க் கல்வெட்டுகளை நின்று படித்திருக்கிறீர்களா? எனக்கு அது ஒரு பழக்கம். பஸ் நிலையமோ, சத்துணவுக் கூடமோ, எதுவானாலும் நின்று படிப்பேன். திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். முன்னிலை வகித்தவர்கள் பெயர் இருக்கும். நன்கொடை தந்தவர் பெயர், சில இடத்தில் தொகையோடு இருக்கும். வடிவமைத்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. கொத்தனார் பெயரும் இருக்காது. அந்தக் கோவில் கல்லிலும் அதே கதை. அடிக்கல் 1998. அர்ச்சிப்பு, அதாவது கோவிலைப் புனிதப்படுத்தித் திறந்தது, 2003. ஆயர் பெயர், பங்குத்தந்தை பெயர், ஊர்க்கமிட்டிப் பெயர்கள். ஆர்க்கிடெக்ட் இல்லை.

அப்போது அந்த 2001 எங்கிருந்து வந்தது? கோவிலில் மறைக்கல்வி சொல்லித் தருகிற உபதேசியார் ஒரு வயதானவர். அவரிடம் கேட்டோம். "2001-லதான வார்ப்பு போட்டோம். ஊரே நின்னு காங்கிரீட்டு சுமந்துது" என்றார். பாருங்கள், வீட்டுக் கதையேதான். யாரோ அந்த ஊர்க்காரர்தான் கட்டுரையில் 2001 என்று எழுதியிருக்க வேண்டும். அவருக்கு அந்தக் கோவில் பிறந்த நாள், தான் சட்டி சுமந்த நாள்.

ஆனால் உபதேசியார் சொன்னார் என்று விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. அச்சில் வந்திருக்க வேண்டும், இன்னொருவர் எடுத்துச் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். மெய்யறிதன்மை என்று அதற்குப் பெயர். கேட்டபோது அவர் யோசித்துவிட்டு மச்சில் ஏறி ஒரு விழா மலரை எடுத்துத் தந்தார். அர்ச்சிப்பு விழா மலர், ஓரமெல்லாம் கரையான். வாழ்த்துச் செய்திகளையும் நகைக்கடை விளம்பரங்களையும் தள்ளித் தள்ளிப் போனால், கட்டுமான வரலாறு என்று நான்கு பக்கம். அடிக்கல், வார்ப்பு, அர்ச்சிப்பு, மூன்றும் தேதியோடு. கடைசியில் நன்றியுரை. வரைபடம் தந்தவருக்கு நன்றி என்று ஒரு பெயர்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் மருமகன் முகம் மாறிவிட்டது. நிறுவனத்தின் பெயரே அதில் இல்லை. அங்கே ஒரு காலத்தில் பங்குதாரராக இருந்து, பின்னால் பிரிந்து போனவரின் பெயர் இருந்தது. பிரிந்தது நல்ல முறையில் இல்லை. அலுவலகத்தில் யாரும் அவர் பெயரை எடுப்பதில்லையாம்.

திரும்பி வரும் வழியில் அவன் பேசவே இல்லை. திங்கள்கிழமை மலரைக் கொண்டுபோய் அவனுடைய முதலாளியிடம் காட்டியிருக்கிறான். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, பீரோவிலிருந்து அந்தக் கோவிலின் மூல வரைபடத்தை எடுத்தாராம். வலது கீழ் மூலை. வரைந்தவர் இடத்தில் பிரிந்து போனவர் கையெழுத்து. சரிபார்த்தவர் இடத்தில் இவருடையது. "எளுதச் சொல்லு, ரெண்டு பேரையும்" என்று சொல்லியிருக்கிறார்.

வரைபடம் அச்சில் வெளிவந்தது கிடையாது, அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. மலரைக் காட்டலாம். உரையாடல் பக்கத்தில் எழுதினோம், ஐந்து வாரம் கழித்து ஒருவர் வந்து திருத்தினார். இன்றைக்கு அந்தக் கட்டுரையில் இருப்பது இவ்வளவுதான்: 1998-ல் அடிக்கல், 2003-ல் அர்ச்சிப்பு, வடிவமைத்தவர் இன்னார், மலரின் பக்க எண்ணோடு. அவர் அப்போது இந்த நிறுவனத்தில் பங்குதாரர் என்பதற்கு வேறொரு பத்திரிகைச் செய்தி கிடைத்தது, அதுவும் சேர்ந்தது. முதலாளி கேட்ட இரண்டாவது பெயருக்கு அச்சில் ஆதாரம் கிடைக்கவில்லை. அது இன்னும் கட்டுரையில் ஏறவில்லை.

இந்தப் புகழ்ச்சி வார்த்தைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னணி, தலைசிறந்த, புகழ்பெற்ற. இவை எதையும் அளக்க முடியாது. நம்ம மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுங்கள். 1966-ல் கட்டியது, 28 தூண், 115 அடி உயரம். மேலே நின்று பறளியாற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணே போதும், கால் கூசும். ஆனால் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் உடனே "ஆசியாவிலேயே" என்று ஆரம்பிப்பார்கள். யார் அளந்தது? எந்த ஆண்டு? எந்தப் பாலத்தோடு ஒப்பிட்டது? கேட்டால் பதில் இருக்காது. திருவள்ளுவர் சிலை 133 அடி என்கிறோம். அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த 95. கணபதி ஸ்தபதி போட்ட கணக்கு அது. இதைப் பிரித்து எழுதிவிட்டால் "பிரமாண்டமான" என்ற சொல் தேவையே இல்லை, அளவே பேசும்.

ஆர்க்கிடெக்டுகளுக்கு இது புதிதும் இல்லை. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளலாம். 1989-ல் வந்த நடத்தை விதிகள் அவர்கள் தொழிலை விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. தான் வடிவமைத்த கட்டடத்தில் பெயர் வைக்கலாம், ஆனால் எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அரைச் சாண்கூட வராது. எவ்வளவு அருமையான விதி! அதைப் படித்த அன்றே மருமகன் "முன்னணி"யை விட்டுவிட்டான்.

நடுநிலை என்றால் கசப்பானதும் இருக்கும். அந்த நிறுவனம் வரைந்த ஒரு வணிகக் கட்டடத்துக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று நோட்டீஸ் வந்த செய்தி கட்டுரையில் இருந்தது. எடுக்கச் சொன்னார்கள். எடுக்க முடியாது, அச்சில் வந்த செய்தி அது. பிறகு வடிவம் திருத்தி அனுமதி கிடைத்த செய்தியும் அச்சில் வந்திருந்தது, யாரும் சேர்க்கவில்லை. அதைக் காட்டினோம், சேர்ந்தது. இரண்டு வரி, இரண்டு தேதி. எங்கள் பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி எழுதும்போதும் இப்படித்தான். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. இதைச் சொன்னால் ஒருவருக்குக் கோபம் வரும், ஒருவருக்குப் பெருமை வரும். கட்டுரையில் அந்த இரண்டு தகவலும் இருந்தால் போதும்.

இன்னொன்று, விக்கிப்பீடியாவில் ஆதாரமில்லாமல் இருக்கும் ஆண்டைப் பத்திரிகைக்காரர் எடுத்துப் போடுவார், பிறகு அந்தப் பத்திரிகையையே விக்கிப்பீடியாவில் ஆதாரமாகக் காட்டுவார்கள். தப்பு வட்டம் அடித்து உண்மை மாதிரி உட்கார்ந்துவிடும். இதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்.

படங்கள். வேகமாகச் சொல்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கட்டடத்தை நீங்கள் படம் எடுத்து வெளியிடலாம், ஆர்க்கிடெக்டின் அனுமதி தேவையில்லை. ஆனால் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிற படத்துக்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டு. அதை எடுத்து ஏற்றக் கூடாது, அந்த உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் உரிமம் தர வேண்டும். நிறுவனங்கள் முதலில் தப்பு செய்வது இங்கேதான். உங்கள் கைப்பேசியில் நீங்களே எடுத்த படம் போதும், காலை வெயிலில் எடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மச்சில், பரணில் பழைய விழா மலர் இருக்கும். கோவில் மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், நூலகத் திறப்பு மலர். மழைக்கு முன்னால் இறக்கிப் பாருங்கள். நன்றியுரைப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். வரைந்தவர் பெயர் அங்கேதான் இருக்கும்.

வணக்கம்.