அஞ்சல் பெட்டியில் மூன்று பெயர்கள்

வணக்கம். ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து பேசுகிறேன். இரவு மணி ஒன்பது, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் இங்கே அப்படித்தான். தெருச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஊர் இப்போதுதான் இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறது.

கையில் வைத்திருக்கிறேனே, இதுதான் வெளிநாட்டவருக்கு இங்கே தரும் குடியிருப்பு அட்டை, என்னுடையது. எண்ணைக் கட்டைவிரலால் மறைத்திருக்கிறேன். பெயர் வரிகளை மட்டும் பாருங்கள். மேலே என் அப்பா, கீழே நான். இந்த இரண்டு வரிகள் என்னைப் படுத்திய பாட்டைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஸ்பெயின்காரர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. பெரும்பாலும் முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. ‘அபெயீதோ’ என்பார்கள். எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் பெயருக்கு ஒரு கட்டம், அபெயீதோவுக்கு இரண்டு கட்டங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஒற்றை எழுத்தை விரித்து அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் அந்த மூன்றாவது கட்டத்துக்கு எங்கே போவேன்?

காலியாக விட்டால் இணையப் படிவம் சிவப்பாகி நின்றுவிடும். ஓர் இடத்தில் சிறு கோடு போட்டுத் தப்பித்தேன். வங்கியில் அப்பா பெயரையே இரண்டு முறை எழுதிக்கொண்டார்கள். மின்சார ஒப்பந்தத்தில் நான் குடும்பப் பெயராகிவிட்டேன், அப்பா முன்னால் போய்விட்டார். அடையாள எண் ஒன்றுதான், ஆனால் பெயர் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை என்று ஒவ்வோர் இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள்.

காய்ச்சலோடு மருத்துவ நிலையத்தில் உட்கார்ந்திருந்த நாளைச் சொல்ல வேண்டும். மருத்துவர் அறைக் கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அன்று ஏதோ ஒரு பெயர் இரண்டு முறை கேட்டது. யாரும் எழவில்லை. அடுத்தவர் உள்ளே போய்விட்டார். அது என் அப்பாவின் பெயர் என்பது பிறகுதான் உறைத்தது. அப்பா பெயரில் ஒரு ழகரம் உண்டு. பாஸ்போர்ட்டில் அது இசட், எச். இவர்கள் இசட்டை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஊதுவார்கள், எச் ஒலிக்கவே ஒலிக்காது. அப்பாவின் பெயர் அப்படி வந்து என் காதில் விழுந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. அம்மா இன்றுவரை அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை, யாராவது கேட்டால் என்னைச் சொல்லச் சொல்வார். அந்தப் பெயருக்குத்தான் இங்கே நான் எழுந்து நிற்க வேண்டும்.

இதெல்லாம் சின்னச் சங்கடம். பெரியது அந்தப் பதிவுத் தபால்.

கட்டடத்தின் நுழைவுக் கூடத்தை வலென்சியாக்காரர்கள் ‘பாத்தியோ’ என்பார்கள். அங்கேதான் சுவரில் வரிசையாக அஞ்சல் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் கதவு எண்ணும் குடியிருப்பவர் பெயரும். என் பெட்டியில் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். அட்டையைப் புதுப்பிக்க மனுப் போட்டிருந்த நேரத்தில், இன்னொரு சான்று கேட்டு அலுவலகம் அனுப்பிய தபால் அப்பா பெயரில் வந்திருக்கிறது. ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்ற குறிப்போடு அது திரும்பிப்போனது. பதில் தருவதற்குப் பத்து வேலை நாட்கள்தான் அவகாசம். எனக்கு விஷயம் தெரிந்தபோது கோப்பையே மூடிவிட்டார்கள். அட்டை காலாவதியானாலும் மூன்று மாதங்கள் வரை மனுப் போடலாம் என்ற விதி இருந்ததால் பிழைத்தேன். வேலையும் வாடகை வீடும் தொங்கியது அந்த ஒரு தாளில். நான்கு இரவுகள் சரியாகத் தூங்கவில்லை.

பிறகு புது அட்டைக்குக் கைரேகை வைக்க ‘சீத்தா ப்ரேவியா’, அதாவது முன்பதிவு. வாரக்கணக்கில் காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே வேலையாக இருந்தது. இந்தப் பதிவுகளை மொத்தமாக வளைத்துப்போட்டு விற்கும் கும்பல்கள் உண்டு. 2023-இல் ஒரு கும்பலைப் போலீஸ் பிடித்தது. தயவுசெய்து யாரும் காசு கொடுத்து வாங்காதீர்கள், அது இலவசமாகக் கிடைக்க வேண்டியது.

தபால் விஷயத்தை எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘உன் அம்மாவின் அபெயீதோ என்ன?’ என்று கேட்டார். இல்லை என்றேன். கல்யாணத்துக்கு முன் தாத்தாவின் இனிஷியல், பிறகு அப்பாவுடையது. பாட்டி திகைத்துப்போனார். இங்கே பெண்கள் கல்யாணத்தால் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. அம்மாவின் பெயரும் பிள்ளையோடு கூடவே போகும். 2017 முதல், எதை முன்னால் வைப்பது என்பதைப் பெற்றோரே பேசி முடிவு செய்கிறார்கள். ‘அப்படியானால் உன் காகிதம் எதிலுமே உன் அம்மா இல்லையா?’ என்றார் பாட்டி. எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை நாள் அந்தக் காலிக் கட்டத்தின் மேல் கோபப்பட்டிருக்கிறேன். அது அம்மாவுக்கான இடம் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

அரசு விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். இங்கே வரப்போகிறவர்கள் அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். அஞ்சல் பெட்டியிலும் அப்படியே முழுப் பெயரையும் ஒட்டுங்கள். முதல் நாளே ஒட்டுங்கள்.

என் பெட்டியில் நேற்றுப் புதுச் சீட்டு ஒட்டினேன். என் பெயர், அப்பா பெயர், கடைசியில் அம்மா பெயர். படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். ‘என் பேரை எதுக்குடா அங்கெல்லாம் போட்ட?’ என்று கேட்டுவிட்டு, ‘எழுத்து சின்னதா இருக்கே, மழையில அழியாதா?’ என்றார். பெட்டி கட்டடத்துக்குள்ளேதான் இருக்கிறது அம்மா, மழை படாது என்றேன்.