புவேர்ட்டோ ரிக்கோவில் வேலையா? முதலில் சேர்ந்த தேதியைப் பாருங்கள்

(திரையில்: ஒரே கடையில் வேலை செய்யும் இருவரின் சம்பளச் சீட்டுகள்)

ஒரே கடை, ஒரே வேலை. இருவருக்கும் மணிக்கு 10.50 டாலர், வாரம் 40 மணி நேரம். டிசம்பரில் ஒருவர் கையில் 600 டாலர் கிறிஸ்துமஸ் போனஸ். இன்னொருவருக்கு 436 டாலர் 80 சென்ட். கணக்கில் பிழை இல்லை. முதலாமவர் 2017 ஜனவரி 26-க்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். அந்த நாளில் அமலுக்கு வந்த 4-ஆம் சட்டம், ஏற்கெனவே தனியார் வேலையில் இருந்தவர்களின் உரிமையைத் தொடாமல், புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் குறைத்தது.

போனஸ் ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடியும். பழையவருக்கு அதற்குள் 700 மணி நேர வேலை போதும். 15 பேருக்கு மேல் உள்ள நிறுவனமென்றால் முதல் 10,000 டாலர் சம்பளத்தில் 6 சதவீதம். புதியவருக்கு 1,350 மணி நேரம் வேண்டும். மொத்தச் சம்பளத்தில் 2 சதவீதம். 20 பேருக்கு மேல் உள்ள இடத்தில் உச்சவரம்பு 600 டாலர், அதற்குக் கீழே 300. முதல் ஆண்டில் இதிலும் பாதிதான்.

1,350 என்றால் வாரம் 26 மணி நேரம், ஆண்டு முழுக்க. பகுதிநேர ஊழியர்கள் கோட்டை விடுவது இங்கேதான். செப்டம்பர் கடைசியில் 1,340-இல் நின்றால் ஒரு சென்ட்கூடக் கிடைக்காது. ஆகஸ்டிலேயே மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

பணம் நவம்பர் 15-க்கும் டிசம்பர் 15-க்கும் இடையே வந்தாக வேண்டும். தாமதித்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தால் போனஸில் பாதி அபராதம். அதையும் தாண்டினால் இன்னொரு முழு போனஸ்.

(திரையில்: பிப்ரவரி மாத நாள்காட்டி)

விடுமுறையில் கணக்கு மாதத்துக்கு மாதம். புதியவர் ஒரு மாதத்தில் 130 மணி நேரம் வேலை செய்தால்தான் அந்த மாதத்துக்கான விடுப்பு சேரும். முதல் ஆண்டில் மாதம் அரை நாள், ஐந்தாண்டு வரை முக்கால் நாள், பதினைந்தாண்டு வரை ஒரு நாள், பிறகு ஒன்றேகால். நோய் விடுப்பு மாதம் ஒரு நாள்.

தினம் 6 மணி நேரம் வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 22 வேலைநாள் உள்ள மாதத்தில் 132 மணி நேரம், விடுப்பு சேரும். 20 நாள் பிப்ரவரியில் 120, எதுவும் சேராது. பழையவருக்கு 115 மணி நேரமே போதும் என்பதால் அதே பிப்ரவரியிலும் ஒன்றேகால் நாள் சேர்ந்துவிடும். அட்டவணையில் நான்கு மணி நேரம் குறைகிறது என்றால், அந்த மாதத்திலேயே மேலாளரிடம் கேட்டு ஒரு ஷிப்டை நீட்டிக்கொள்வது நல்லது.

எல்லாருக்கும் 115 மணி நேரம் என்று சொல்லும் பட்டியல்கள் இன்னும் சுற்றுகின்றன. அது 2022-இல் வந்த 41-ஆம் சட்டம். 2023-இல் அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அரசு ஊழியருக்கு வேறு சட்டம், 2017-இன் 26-ஆம் சட்டம். ஆண்டுக்கு 15 நாள் விடுமுறை, 600 டாலர் போனஸ். நோய் விடுப்பு மட்டும் சேர்ந்த தேதியைப் பொறுத்தது: 2017 பிப்ரவரி 4-க்கு முன் சேர்ந்தவருக்கு 18 நாள், பின் வந்தவருக்கு 12.

(திரையில்: இரண்டு விண்ணப்பப் படிவங்கள்)

நோய்க்கும் விபத்துக்கும் வாசல் வேறு வேறு. வேலைக்குத் தொடர்பில்லாத நோய் என்றால் சினோட் காப்பீடு: வாரம் அதிகபட்சம் 113 டாலர், 26 வாரம் வரை. அதற்காக உங்கள் சம்பளத்தில் பிடிப்பது ஆண்டுக்கு 27 டாலருக்கு மேல் போகாது. 113 டாலரில் குடும்பம் நடக்காது. கையில் நோய் விடுப்பைச் சேர்த்து வைப்பது அதனால்தான் அவசியம்.

வேலையில் அடிபட்டால் ஃபோண்டோ, அதாவது வேலை விபத்துக்கான அரசுக் காப்பீட்டு நிதியம். பிரீமியம் முழுக்க முதலாளியுடையது. இங்கே வேலையே பறிபோகும் ஒரு தவறு நடக்கிறது. சிகிச்சை தொடரும்போதே வேலைக்குப் போகலாம் என்று ஃபோண்டோ சீட்டு கொடுக்கும். 'சிகிச்சை முடியவில்லையே' என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்த அன்றே கெடு ஓடத் தொடங்கிவிடும்: 15 நாளுக்குள், விபத்து நடந்து 12 மாதம் தாண்டுவதற்கு முன், வேலையைத் திரும்பக் கேட்க வேண்டும். 15 பேர் அல்லது அதற்குக் குறைந்த நிறுவனம் என்றால் 6 மாதம்தான். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.