மைக்கேல் கோட்டு காலரை தூக்கிவிட்ட ராத்திரி

வணக்கம் மக்களே. காட்ஃபாதர் பத்தி பேசாத சினிமா சேனலே கிடையாது, தெரியும். நான் இன்னைக்கு பேசப்போறது அந்த படத்துல மாஃபியா தலைவர் விட்டோவோட கடைசி மகன் மைக்கேலோட சட்டை, தலைமுடி, மூஞ்சி இது மூணு மட்டும்தான். சிரிக்காதீங்க, பாதி கதை அதுலதான் இருக்கு.

படம் வந்தது 1972, கதை ஆரம்பிக்கிறது 1945ல. தங்கச்சி கானிக்கு கல்யாணம். வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் கோட்டு, போ டை, அப்பா விட்டோவுக்கு கோட்டுல ஒரு சிவப்பு ரோஜா வேற. இவன் மட்டும் லேட்டா வரான், மரைன் யூனிஃபார்ம்ல, நெஞ்சுல மெடலோட. பக்கத்துல உக்காந்திருக்கிற காதலி கே கிட்ட அப்பாவோட வண்டவாளத்த சொல்லிட்டு, இது என் குடும்பம், நான் இப்படி இல்லங்கிறான். அவன் வாய திறக்குறதுக்கு முன்னாடியே அந்த யூனிஃபார்ம் அத சொல்லிருச்சு.

[திரையில்: ராத்திரி, ஆஸ்பத்திரி வாசல்]

இப்ப இந்த சீன். என்னை கேட்டா மொத்த படமும் இங்கதான் திரும்புது. குண்டடிபட்ட அப்பா உள்ள படுத்திருக்காரு, காவலுக்கு ஒருத்தனும் இல்ல, கொல்ல ஆளுங்க வந்துட்டு இருக்காங்க, மைக்கேல் கையில துப்பாக்கியும் கிடையாது. பூங்கொத்தோட பாக்க வந்த பேக்கரிக்காரன் என்ஸோவ வாசல்ல நிக்க வெச்சு, பூவை தூக்கி போட்டுட்டு, காலரை தூக்கிவிட்டு, பாக்கெட்டுக்குள்ள துப்பாக்கி இருக்கிற மாதிரி கையை வெச்சுக்கோங்கிறான், தானும் அப்படியே நிக்கிறான். அதாவது ரெண்டு பேரும் ரவுடி வேஷம் போடுறாங்க, அவ்ளோதான். கார் வருது, ஸ்லோ ஆகுது, போயிருது. என்ஸோ சிகரெட் பத்த வெக்க பாக்குறான், கை தடதடன்னு ஆடுது. மைக்கேல் லைட்டரை வாங்கி பத்த வெச்சு விடுறான். விட்டுட்டு தன் கையை ஒரு செகண்ட் பாக்குறான். ஆடவே இல்ல!

என்ஸோவுக்கு அது வேஷம், வீட்டுக்கு போனா கழட்டிடுவான். இவனுக்கு ஒட்டிக்கிச்சு.

அடுத்த நிமிஷமே போலீஸ் கேப்டன் மெக்லஸ்கி விட்ட குத்துல தாடை உடையுது. வீங்குன அந்த மூஞ்சியோடதான் நாற்காலியில கால் மேல கால் போட்டு, மெக்லஸ்கி, அப்பாவ சுட வெச்ச சொலோஸோ ரெண்டு பேரையும் நானே சுடுறேன்னு அமைதியா சொல்றான், சுட்டுட்டு சிசிலிக்கு ஓடுறான். திரும்பி வந்து கே முன்னாடி நிக்கும்போது வீக்கம் இல்ல, அந்த பையனும் இல்ல. கருப்பு ஓவர்கோட்டு, தலையில ஹாம்பர்க் தொப்பி, படிய வாரின முடி. லவ் பண்ண பொண்ண பாக்க வந்தவன் மாதிரியா இருக்கான், சொத்து பத்திரத்துல கையெழுத்து வாங்க வந்தவன் மாதிரி இருக்கான்.

இதுக்கு நேர் எதிரா அப்பாவ கவனிங்க. அப்பாவா நடிச்ச மர்லன் பிராண்டோவுக்கு அப்ப 47 வயசுதான், மேக்கப்மேன் டிக் ஸ்மித்தும் வாய்க்குள்ள வெச்ச ஒரு பல்செட்டும் சேந்துதான் அந்த தொங்குன தாடை. மகன் மேல கோட்டு ஏற ஏற இவர் உடம்புலேர்ந்து எறங்குது. கடைசியில தொளதொள சட்டையில தக்காளி தோட்டத்துல, ஆரஞ்சு தோலை பல்லு மாதிரி வெச்சு பேரனுக்கு பூச்சாண்டி காட்டுறாரு, குழந்தை அழுதுருது. சாகுறதும் அங்கயேதான்.

ஆரம்பத்துல அப்பா கண்ணை இருட்டுலயே வெச்சிருந்த கேமராமேன் கார்டன் வில்லிஸ், போகப்போக அதே இருட்ட மகன் மூஞ்சிக்கு கொண்டு வராரு. கடைசி சீன்ல ரூமுக்குள்ள அப்பாவோட பழைய ஆளு கிளமென்ஸா மைக்கேல் கைக்கு முத்தம் குடுக்குறான், வெளிய கே பாத்துட்டு நிக்கிறா. கதவ சாத்துறது கூட மைக்கேல் இல்ல, அவனோட ஆளு.