கடற்படைக் குடும்பங்களுக்கான அறநிதி: விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடற்படையில் பணியாற்றுவோருக்கும், பணியாற்றி ஓய்வு பெற்றோருக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும் உதவுவதற்கென்றே பல நாடுகளில் அறநிதிகள் இயங்கி வருகின்றன. அவற்றிடம் விண்ணப்பிப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இத்தகைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களைவிட, என்ன தேவை என்பதே விளங்காமல் மேசையில் தேங்கிக் கிடக்கும் விண்ணப்பங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எழுதியவருடைய கஷ்டம் உண்மையானது. ஆனால் அது தாளில் ஏறியிருக்காது.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. விண்ணப்பிக்கவே கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். தர்மப் பணத்துக்குக் கையேந்துவதா என்று முப்பது ஆண்டு சீருடை அணிந்தவர் கேட்பார். அவர் காலமான பிறகு அவருடைய துணைவியாரும் அதையே சொல்வார். அவர்களுக்காக இந்த நிதிகளின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1588-இல் ஸ்பானிய ஆர்மடாவை, அதாவது இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பெயினின் பெரும் கப்பற்படையை, எதிர்த்துப் போரிட்டுக் காயமுற்றுத் திரும்பிய மாலுமிகளின் நிலையைக் கண்டு, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இங்கிலாந்தில் 'சாத்தம் பெட்டி' என்ற நிதி தோன்றியது. அதில் சேர்ந்த பணம் அரசருடையதன்று. ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலிருந்தும் மாதம் 6 பென்ஸ் பிடித்துச் சேர்த்த பணம் அது. பணத்தை வைத்திருந்த இரும்புப் பெட்டிக்குப் பல பூட்டுகள் போட்டு, ஒருவர் மட்டும் தனியே திறக்க முடியாதபடி சாவிகளை வெவ்வேறு பொறுப்பாளர்களிடம் கொடுத்திருந்தார்கள். (அப்படியும் அந்தப் பணத்தில் கைவைத்தவர்கள் இருந்தார்கள் என்பது வேறு கதை.) 1694-இல் அரச சாசனத்தின் மூலம் ஏற்பட்ட கிரீனிச் மருத்துவமனைக்கும், இரண்டே ஆண்டுகளில், மாலுமிகளின் சம்பளத்திலிருந்து மாதம் 6 பென்ஸ் பிடிக்கத் தொடங்கினார்கள். மருத்துவமனை என்ற பெயரோடு அந்த அறநிதி இன்றும் கடற்படைக் குடும்பங்களுக்கு உதவி வருகிறது. 1922-இல் பிரிட்டனில் தோன்றிய கடற்படை நல அறக்கட்டளையில், யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அதிகாரி நிலைக்குக் கீழே பணியாற்றியவர்களே கூடி முடிவு செய்யும் வழக்கம் ஏற்பட்டது. அமெரிக்காவில் 1904-இல் அமைந்த கடற்படை நிவாரணச் சங்கத்துக்கு முதல் முதலீடாக வந்தது, முந்தைய ஆண்டில் ராணுவ அணியும் கடற்படை அணியும் மோதிய கால்பந்தாட்டத்தின் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு. ஆகவே இது யாரோ ஒரு செல்வந்தர் மனமிரங்கிப் போடும் பிச்சை என்று எண்ண வேண்டியதில்லை. பெரும்பாலும் இது கடற்படையினர் தங்களுக்குள் சேர்த்து வைத்துக்கொண்ட பணம்.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதிலும் தவறான எண்ணங்கள் நிறைய உண்டு. நீண்ட காலம் பணியாற்றியிருக்க வேண்டும், போரில் கலந்துகொண்டிருக்க வேண்டும், ஓய்வூதியம் வாங்குபவராக இருக்க வேண்டும் என்றெல்லாம் பலர் தாமாகவே நிபந்தனை விதித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். பிரிட்டனில் 1885-இல் தோன்றி, இன்று முப்படைக் குடும்பங்களுக்கும் உதவிவரும் சங்கம் ஒன்று, படையில் ஒரே ஒரு நாள் பணியாற்றியிருந்தாலும் போதும் என்கிறது. துணைவியார், கைம்பெண், பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் என்று வட்டம் நிதிக்கு நிதி விரிந்தும் சுருங்கியும் இருக்கும். பெற்றோர் மணமுறிவு பெற்றிருந்தாலும், பிள்ளைக்குத் தந்தை வழியிலோ தாய் வழியிலோ வந்த தகுதி மணமுறிவினால் மட்டும் போய்விடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சில நிதிகள் அதிகாரிகளுக்கு மட்டும் உரியவை, சில மற்ற வீரர்களுக்கு மட்டும் உரியவை. அதனால் பதவி நிலையைப் பார்த்துச் சரியான கதவைத் தட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். நாங்கள் அடிக்கடி படித்த கடிதத்தின் சாயல் இப்படியிருக்கும்: 'நான் இன்னின்ன கப்பல்களில் இத்தனை ஆண்டுகள் பணியாற்றினேன், இன்ன பதக்கங்கள் பெற்றேன், தற்போது உடல்நலம் குன்றி மிகுந்த சிரமத்தில் இருக்கிறேன், தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பணிவில் குறையில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு குழு எந்த முடிவுக்கும் வர முடியாது. 'இயன்ற உதவி' என்பது எவ்வளவு? எதற்கு? எப்போதைக்குள்? அதே மனிதர் இப்படி எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பாருங்கள்: 'கப்பலின் இயந்திர அறையில் பணியாற்றியவன். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க முடிவதில்லை. என் மனைவிதான் தாங்கிப் பிடிக்கிறாள், அவளுக்கும் வயதாகிவிட்டது, கடந்த மாதம் இருவருமே விழுந்தோம். தொட்டியை அகற்றித் தரைமட்டத்தில் குளிக்கும் இடம் அமைக்க இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கி இணைத்திருக்கிறேன். உள்ளாட்சி நிர்வாகம் பாதித் தொகையைத் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் கடிதமும் இணைப்பில் உள்ளது. மீதிப் பாதிக்கே விண்ணப்பிக்கிறேன்.' இந்தக் கடிதத்தில் பதக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் குழுவினர் முகம் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாமல் கையெழுத்திடலாம்.

பணிக்கால விவரத்தைச் சான்றாக வைத்தால் போதும். சேவை எண், பணியில் சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பதவி ஆகியவை விடுவிப்புச் சான்றிலேயே இருக்கும். அது தொலைந்து போயிருந்தால் அதற்காக விண்ணப்பத்தை நிறுத்திவைக்க வேண்டாம். சேவை எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் ஆவணக் காப்பகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள முடியும். வரவு செலவுக் கணக்கை மட்டும் நேர்மையாக, மாதக் கணக்கில் எழுதுங்கள். சேமிப்பை மறைப்பவர்களைக்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. கடனை மறைப்பவர்களைத்தான் நிறையப் பார்த்தேன். வெட்கம் காரணமாக, வாடகை பாக்கியையும் மின்கட்டண நிலுவையையும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். பெரும்பாலான நிதிகள் கடனட்டைக் கடனை அடைக்கப் பணம் தருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டை இழக்கச் செய்யும் வாடகை பாக்கியை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

சில நாடுகளில் பல நிதிகளுக்கு விண்ணப்பத்தை நேரடியாக அனுப்ப முடியாது; களப்பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசி, அவரே படிவத்தை நிரப்பி அனுப்புவார். இதைச் சோதனை போடுவதாக எண்ணிச் சிலர் வீட்டை ஒழுங்குபடுத்தி, இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு, பலகாரமும் செய்துவைத்துக் காத்திருப்பார்கள். ஒரு வீட்டில் அப்படி உபசரித்த அம்மையார் எதுவும் தேவையில்லை என்றே பேசிக்கொண்டிருந்தாராம். களப்பணியாளர் எழுந்து கிளம்பும் நேரத்தில் அலமாரி இழுப்பறையைத் திறந்து, பிரிக்கப்படாத உறைகளின் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அத்தனையும் கட்டண நினைவூட்டல்கள். வருகிறவர் உங்கள் பக்கம் நின்று எழுதப்போகிறவர். உறைகளை முதலிலேயே மேசைமேல் வைத்துவிடுவது இருவருக்கும் நல்லது. அவருடைய அறிக்கை ஒன்றே போதும், அதைக்கொண்டு இரண்டு மூன்று நிதிகளிடம் கேட்டு, ஒரு செலவை அவை பகிர்ந்துகொள்ளும்படி செய்ய அவரால் முடியும். ஒரு நிதியால் முழுத் தொகையும் தர இயலாத பெரிய வேலைகள் இப்படித்தான் நடக்கின்றன.

பணியில் இருப்பவர்களுக்கும் அவர்களுடைய இல்லத்தாருக்கும் தனியாக ஒரு சொல். கடற்படை வாழ்க்கைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: வீட்டில் கூரை ஒழுகும்போது கையெழுத்துப் போட வேண்டியவர் கடலில் இருப்பார். நீர்மூழ்கிக் கப்பலாக இருந்தால், பல வேளைகளில் குடும்பத்திலிருந்து சிறு செய்தி மட்டும் போகும், பதில் வராது. நிதி நிறுவனமோ, பணியில் இருப்பவருடைய சம்மதமின்றி அவருடைய பணிப் பதிவேட்டைப் பார்க்க முடியாது; கடனாகத் தருவதென்றால் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியவரும் அவரே. முன்பு சொன்ன அமெரிக்க நிவாரணச் சங்கத்தில் இதற்கென்றே, கப்பல் புறப்படுவதற்கு முன்பாகவே வீரர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் முன்அனுமதிப் படிவம் இருக்கிறது. அல்லது வீரர் சார்பில் கையெழுத்திடும் உரிமை தரும் அதிகாரப் பத்திரம் துணைவியாரிடம் இருந்தால் அவரே வாங்கிக்கொள்ளலாம். எந்த நாட்டுக் கடற்படையாக இருந்தாலும், பயணப் பையில் துணிகளை அடுக்கும் நேரத்தில் இதற்கும் அரைமணி ஒதுக்கிவிட்டால், நடுக்கடலில் இருப்பவரைத் தேடிப்பிடிக்கும் பாடு இருக்காது. தேவைப்படாமலே போனாலும் நட்டமில்லை.

கடன் என்றேன், மானியமும் கடனும் ஒன்றன்று. பணியில் இருந்து சம்பளம் வாங்குபவருக்குத் திடீர் அவசரச் செலவு வந்தால், வட்டியில்லாக் கடன் கொடுத்து, சம்பளத்தில் சிறு தவணையாகப் பிடித்துக்கொள்வதே பல நிதிகளின் வழக்கம். திருப்பிக் கட்டினால் குடும்பம் மேலும் தாழ்ந்துவிடும் என்ற நிலையில்தான் மானியம். எதைக் கேட்கிறீர்கள், ஏன் அதைக் கேட்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, செலவு செய்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காதீர்கள். நல்ல மனத்தோடு மருமகன் பணம் போட்டுச் சக்கர நாற்காலி வாங்கிவிட்டு, அந்த ரசீதை அனுப்புவார். ஏற்கெனவே தீர்ந்துபோன தேவைக்குப் பணம் தர பெரும்பாலான நிதிகளின் விதிகளில் இடமில்லை. உதவி கிடைக்கும்போதும் பெரும்பாலும் அது கையில் பணமாக வராது. பொருள் விற்பவருக்கோ வேலை செய்பவருக்கோ நேரடியாகப் போகும். அதனால்தான் விலைப்புள்ளியில் நிறுவனத்தின் பெயரும் வேலையின் விவரமும் தெளிவாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பதிவுசெய்யக் கட்டணம் வேண்டும் என்று யாராவது கேட்டால், அவர் நிதியைச் சேர்ந்தவர் அல்லர்.

சிறு அமைப்புகளும் இந்த நிதிகளிடம் விண்ணப்பிக்கின்றன: கப்பல் குடும்பங்களுக்கான சமூகக் கூடம், கைம்பெண்களுக்கான ஆலோசனைச் சேவை, தந்தையைப் பிரிந்திருக்கும் பிள்ளைகளுக்கான விடுமுறை முகாம் போன்றவை. அவர்களுடைய விண்ணப்பங்களில் நான் கண்ட பெருங்குறை, பயனடைவோரில் கடற்படைக் குடும்பத்தினர் எத்தனை பேர் என்பதையே எழுதாமல் விடுவது. ஊருக்கெல்லாம் பொதுவான கூடத்துக்குக் கடற்படை நிதி பணம் தர முடியாது. அதில் கடற்படைக் குடும்பங்களின் பங்கு எவ்வளவோ அதற்கேற்பத் தரலாம். தணிக்கை செய்த கணக்கும், மற்ற நன்கொடையாளர்கள் தரும் தொகையும், பணி முடிந்ததும் எதை எப்படி அளந்து அறிக்கை தருவீர்கள் என்பதும் இருந்தால், குழு அடுத்த கூட்டம்வரை தள்ளிப்போட மாட்டாது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். கேட்பதில் தவறில்லை, பெரும்பாலும் சொல்லுவார்கள். வேறொரு நிதிக்குப் போக வேண்டிய விண்ணப்பமாக இருந்திருக்கலாம், ஒரு தாள் விடுபட்டிருக்கலாம், வருமான வரம்பைச் சற்றே தாண்டியிருக்கலாம். வேலை போனாலோ, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலோ, அதே நிதிக்கே மறுபடியும் விண்ணப்பிக்கலாம். பழைய மறுப்பு உங்களுக்கு எதிராக எண்ணப்படாது. பழைய கோப்பின் எண்ணை மட்டும் புதிய விண்ணப்பத்தின் மேல் குறிப்பிட்டுவிடுங்கள். பணிச்சான்றை இரண்டாம் முறை சரிபார்க்கும் வேலை மிச்சமாகும்.

வணக்கம்.